நீங்கள் ஆடுவது எந்தப் பாணி?

சற்றே நீண்ட பதிவு. ஆய்வேட்டின் மூன்றாம் இயலை முடித்திருக்க வேண்டிய வாரத்தில் இதை எழுதுகிறேன்; என் நெறியாளர் இப்பக்கம் வராதிருப்பாராக.

மொழியியல் படித்தவர்களைக் கண்டதும் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: உலகில் மொத்தம் எத்தனை மொழிகள்? ஓர் எண்ணைச் சொல்லிவிடலாம். ஆனால் மொழி எங்கே முடிகிறது, வட்டார வழக்கு எங்கே தொடங்குகிறது என்பதை வரையறுக்காத வரையில் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. நான் நான்கு ஆண்டுகளாகப் பெங்களூரில் டாங்கோ கற்றுவருகிறேன் என்று அறிந்த துறை நண்பர்கள் கேட்பதும் ஏறக்குறைய இதே கேள்விதான். டாங்கோவில் எத்தனை பாணிகள்? நீங்கள் ஆடுவது எந்தப் பாணி? இதுவரை சிரித்து மழுப்பி வந்தேன். இப்போது விடை சொல்ல வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. அடுத்த மாதம் முதல் புதியவர்களுக்கான வகுப்பை நடத்துமாறு எங்கள் சிறு குழு என்னைக் கேட்டிருக்கிறது. எந்தப் பாணியைக் கற்பிக்கப்போகிறேன் என்பதை அறிவிப்பிலேயே குறிப்பிட வேண்டுமாம். அந்த ஒற்றை வரியை எழுத உட்கார்ந்ததன் விளைவே இப்பதிவு.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். ஆங்கில வழியாக வந்ததால் டாங்கோ என்று எழுதுகிறோம். ஸ்பானிய மொழியில் அதன் முதல் ஒலி பல்லொலி. 'தாங்கோ' என்பதே நெருக்கமான எழுத்து. தமிழ் எழுத்தால் துல்லியமாகக் காட்டக்கூடிய ஒன்றை ஆங்கில எழுத்தின் வழியாக வாங்கி இழந்திருக்கிறோம். இந்தக் குறையைத் தீர்க்க எண்ணி, யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தியிடம் "தாங்கோ ஆடப் போகிறேன்" என்றேன். "என்னத்தைத் தாறது?" என்று கேட்டாள். அவர்கள் வழக்கில் அது 'தாருங்கள்'. ஆகவே டாங்கோ என்றே தொடர்கிறேன்.

நம் திரைப்படங்கள் வழியாகப் பலர் மனத்தில் பதிந்திருக்கும் டாங்கோ, அதாவது பல்லிடுக்கில் ரோஜா, விறைத்த முழங்கை, சட்டென்று வெட்டித் திரும்பும் தலை, புவெனஸ் ஐரிஸில் ஆடப்படுவது அன்று. 1910களில் பாரிஸுக்கும் இலண்டனுக்கும் சென்ற நடனத்தை ஆங்கில ஆசிரியர்கள் தங்கள் கூடத்துக்கு ஏற்றபடி ஒழுங்குபடுத்தினார்கள். இலண்டனின் இம்பீரியல் நடன ஆசிரியர் கழகம் 1924இல் பால்ரூம் பிரிவைத் தொடங்கியது. அடிகளுக்குப் பெயரும் அளவும் தேர்வும் சான்றிதழும் வந்தன. பின்லாந்துக்குச் சென்ற டாங்கோவோ அங்கேயே குடியேறிவிட்டது. செய்னயோக்கி நகரில் 1985இல் தொடங்கிய டாங்கோ திருவிழாவுக்குச் செல்லும் பின்லாந்தியர், அதை வெளிநாட்டுப் பொருள் என்று நினைப்பதில்லை. இவையெல்லாம் கிளைத்துப்போன தனி மொழிகள். நான் இங்கே பேசுவது தாய்வீட்டுக்குள் இருக்கும் வேறுபாடுகளை.

அந்தத் தாய்வீடு ரியோ டி லா பிளாட்டா ஆற்றின் இரு கரைகள்: புவெனஸ் ஐரிஸ், மான்டிவிடியோ. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஐரோப்பாவிலிருந்து வந்து குவிந்த ஏழைக் குடியேறிகளும், ஆப்பிரிக்க அடிமைகளின் வழித்தோன்றல்களும், உள்ளூர் மக்களும் நெருங்கி வாழ்ந்த புறச்சேரிகளில் உருவானது. 2009இல் யுனெஸ்கோ அதனை மரபுப் பட்டியலில் சேர்த்தபோது அர்ஜென்டினா, உருகுவே இரண்டின் பெயரிலுமே சேர்த்தது. அடிப்படையில் அது இருவர் அணைத்தபடி நடப்பது, அவ்வளவுதான். முன்னரே கோத்துவைத்த அடவு வரிசை கிடையாது. ஒருவர் நடத்துகிறார், மற்றவர் தொடர்கிறார்; அடுத்த அடி எது என்பது அந்தக் கணத்தில், மார்பும் முதுகும் சொல்லும் குறிப்பில், தீர்மானமாகிறது. எல்லா இணைகளும் கூடத்தை இடஞ்சுழியாகச் சுற்றி வருகின்றன. மூன்று அல்லது நான்கு பாடல்கள் சேர்ந்தது ஒரு 'தாந்தா'. ஒரு தாந்தா முடியும் வரையில் ஒரே இசைக்குழு, வழக்கமாக ஒரே இணை. பின்பு தொடர்பில்லாத ஓர் இசைத்துணுக்கு ஒலிக்க, எல்லோரும் பிரிந்து இருக்கைக்குத் திரும்புகிறார்கள். இப்படி ஆடக் கூடும் மாலைக்கு 'மிலோங்கா' என்று பெயர்.

இதை அல்சூர் வீட்டில் என் ஆயாவுக்கு விளக்க முற்பட்டேன்.

"கட்டிப்புடிச்சிகினு ஆடறதா?"

"ஆடறதுகூட இல்ல ஆயா. நடக்கறது."

"நடக்கறதுக்கு எதுக்குடி காசு குடுக்கறே?"

மாத உதவித்தொகை தாமதமாகும் போதெல்லாம் இந்த இரண்டாம் கேள்வியை நானும் எண்ணிப் பார்ப்பதுண்டு. ஆனால் கனமான கேள்வி முதலாவது. அந்தக் 'கட்டிப்புடிச்சிகினு' என்ற ஒரு சொல்லுக்குள்தான் டாங்கோப் பாணிகளின் வேறுபாடு ஏறக்குறைய முழுவதும் இருக்கிறது. எவ்வளவு நெருக்கம்? எடை யார்மேல்? எப்போது விலகலாம்?

நான் முதலில் கற்றது 'சலோன்'. புவெனஸ் ஐரிஸின் வடமேற்கே இருக்கும் வில்லா உர்கீசா போன்ற குடியிருப்புப் பகுதிகளோடு இணைத்துப் பேசப்படும் பாணி இது. அங்குள்ள சண்டர்லேண்ட் மன்றத்தின் மிலோங்கா நடப்பது கூடைப்பந்து ஆடுகளத்தில். இடம் அகன்றிருப்பதால் அடி நீள்கிறது. ஒவ்வொருவரும் தத்தம் அச்சில், தத்தம் காலில் நிற்கிறார்கள். அணைப்பு உண்டு, ஆனால் அது நெகிழ்ந்து கொடுக்கும். திருப்பங்களில் கதவு போலத் திறந்து, நடையில் மீண்டும் மூடிக்கொள்ளும். கார்லோஸ் டி சார்லியின் இசைக்கு இந்த நடை மிகவும் பொருந்தும்: வயலின்கள் நீண்டு ஒலிக்க, பியானோ கீழே தெளிவாக அடியெடுத்துக் கொடுக்கும். பெங்களூரில் புதிதாக வருபவர்களுக்குச் சலோன் வசதியானதும்கூட. முன்பின் அறியாத ஒருவரோடு ஆடும்போது இடையில் ஒரு சாண் இடம் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் பேருந்தில் கைப்பையை மார்போடு அணைத்து நின்று பழகிய பெண்களுக்கு அந்தச் சாண் சிறிய பொருளன்று.

இரண்டாம் ஆண்டில் வேறொரு பயிற்சிக் கூட்டத்திற்குச் செல்லத் தொடங்கினேன். அவர்கள் ஆடியது 'மிலோங்கேரோ'. நகரின் நடுப்பகுதியில், நெரிசலான சிறு கூடங்களில் வளர்ந்தது என்பார்கள். கால் நீட்ட இடமில்லாத தரையில் அடி குறுகுகிறது, திருப்பம் சுருங்குகிறது, மார்போடு மார்பு சேர்ந்த அணைப்பு பாடல் முடியும் வரையில் பிரிவதில்லை. இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் சிறிதளவு சாய்கிறார்கள். 'அப்பிலாதோ', அடுக்கியது என்று பொருள். நெற்கட்டுகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்துவது போல. இருவருக்கும் நடுவே ஒரு பொது அச்சு உருவாகிறது. ஒருவர் விலகினால் மற்றவர் தடுமாற வேண்டியதுதான்.

இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. கால்களைவிட எடைதான் அவ்வளவு காலத்தையும் எடுத்துக்கொண்டது. சலோனில் பழகிய உடல், சாயும் கணத்தில் தானாகவே எடையைக் குதிகாலுக்கு இழுத்துக்கொள்ளும். நடத்துபவரின் மார்புக்கு எதிரே இருக்க வேண்டிய மெல்லிய அழுத்தம் சட்டென்று இல்லாமல் போகும். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி துண்டிக்கப்பட்டது போல. சலோனில் 'ஓச்சோ' என்ற எட்டு வடிவ அடியை இடுப்பைச் சுழற்றி, பாதத்தை முழுமையாகத் திருப்பி வைக்க வேண்டும். மிலோங்கேரோவில் மார்பு விலகக் கூடாது. ஆகவே சுழற்சி குறைந்து, கால் பின்னால் குறுக்கிட்டு வைக்கப்படும். என் இடுப்போ பழைய இலக்கணப்படியே சுழன்றுகொண்டிருந்தது. யூரியல் வைன்ரைக் 1953இல் வெளியிட்ட 'தொடர்பிலுள்ள மொழிகள்' நூலில் இரு மொழியாளரிடம் காணும் குறுக்கீட்டை வகைப்படுத்தியிருப்பதை முதுகலையில் மனப்பாடம் செய்திருந்தேன். அதைக் கணுக்காலில் உணர்ந்தது அப்போதுதான்: சொற்கள் மிலோங்கேரோ, ஒலிப்பு சலோன்.

இதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியளித்தது பிறகு நிகழ்ந்ததுதான். மிலோங்கேரோ ஓரளவு கைவந்த பின் சலோன் வகுப்புக்குத் திரும்பியபோது, என் சலோன் மாறியிருந்தது. எடையைக் கொடுக்கத் தெரிந்த உடலுக்கு, எடையைத் தன்னிடமே வைத்திருப்பது ஒரு தேர்வாகிவிட்டது. முன்பு அது வெறும் பழக்கம். இரண்டாம் மொழி முதல் மொழியையும் தொட்டுத் திருத்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கருத்தரங்குகளில் கண்டதில்லை.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 'கஞ்செங்கே' என்ற பழைய பாணியை ஒரே ஒரு வார இறுதிப் பட்டறையில் தொட்டுப் பார்த்தேன். முழங்கால் மடங்கி, உடல் தரையை நோக்கித் தாழ, குறும்பு கலந்த நடை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்தது. 'நுவேவோ' எனப்படுவது வேறு வகை. 1990களில் குஸ்தாவோ நவெய்ரா, ஃபாபியான் சாலாஸ் ஆகியோர் ஒரு பயிற்சிக் குழுவில், பின்னர் மரியானோ ஃப்ரும்போலி போன்றோரும் சேர, டாங்கோவின் அசைவுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு கால் மற்றக் காலைப் பொறுத்து முன்னே செல்லலாம், பக்கவாட்டில் செல்லலாம், பின்னே செல்லலாம். இருவரும் எதிரெதிர்க் கால்களில் நடந்தால் ஒரு முறை. ஒரே பக்கத்துக் கால்களில் நடந்தால் இன்னொரு முறை. இவ்வளவையும் பெருக்கிப் பார்த்தால், பழைய ஆட்டக்காரர்கள் செய்ததும் கிடைக்கும், இதுவரை யாரும் செய்யாததும் கிடைக்கும். பிராகுப் பள்ளியின் ஒலியனியலைப் படித்தவர்களுக்கு இந்த முறை உடனே பிடித்துப்போகும், எனக்கும் பிடித்தது. நவெய்ரா பிற்காலத்தில், நுவேவோ என்பது ஒரு பாணியே அன்று, 1980களுக்குப் பின் டாங்கோவில் நிகழ்ந்த மொத்த வளர்ச்சிக்குமான பெயர் என்று வாதிட்டார். ஆனால் பெயர் அதற்குள் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது.

பாணிகளின் பெயர்கள் எப்போது வந்தன என்று தேடத் தொடங்கியதும் என் தொழிற்புத்தி விழித்துக்கொண்டது. டாங்கோவின் பொற்காலம் என்பது 1935 முதல் 1950களின் நடுப்பகுதி வரை. ஹுவான் டாரியென்சோவின் விரைந்த தாளம் இளைஞர்களை மீண்டும் தரைக்கு இழுத்து வந்ததில் தொடங்கியது அது. 1955இல் பெரோனின் ஆட்சி இராணுவத்தால் கவிழ்க்கப்பட்ட பின் நடனம் தேய்ந்தது. அடுத்த தலைமுறை ராக் இசைக்குப் போயிற்று. 1983இல் 'டாங்கோ அர்ஜென்டினோ' என்ற மேடை நிகழ்ச்சி பாரிஸில் அரங்கேறி, 1985இல் பிராட்வேக்குச் சென்றது. அதே 1983இல் அர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சியும் முடிந்தது. அதன்பின் உலகெங்கிலுமிருந்து மாணவர்கள் புவெனஸ் ஐரிஸுக்கு வரத் தொடங்கினார்கள். 'மிலோங்கேரோ பாணி' என்ற பெயர், சுசானா மில்லர் போன்ற ஆசிரியர்களால் பரவலானது 1990களில்தான். 1940களில் அப்படி ஆடியவர்கள் தாங்கள் ஒரு பாணியை ஆடுவதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. டாங்கோ ஆடினார்கள், கூட்டம் மிகுந்திருந்தது, நெருங்கி ஆடினார்கள்.

வட்டார வழக்குகளின் பெயர்களும் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. கோயம்புத்தூரை விட்டு வெளியேறாத ஒருவருக்குத் தாம் பேசுவது கொங்குத் தமிழ் என்று தெரிய வேண்டிய தேவையே இல்லை. திசைச்சொல் என்று தொல்காப்பியர் ஒரு வகை வகுத்தாரென்றால், அந்தத் திசை எது என்று காட்ட ஒரு நடு இருந்தது என்று பொருள். பெயர் பொய்யன்று, சலோனுக்கும் மிலோங்கேரோவுக்கும் உள்ள வேறுபாட்டை என் முதுகெலும்பு அறியும். ஆனால் கோடு எந்த இடத்தில் விழுகிறது என்பதை, வேறுபாடு மட்டும் முடிவு செய்வதில்லை. கோடு யாருக்குத் தேவைப்படுகிறது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. வகுப்பு விற்க வேண்டியவருக்குத் தேவை. போட்டி நடத்துபவருக்கும் தேவை. 2003 முதல் புவெனஸ் ஐரிஸில் நடக்கும் உலகப் போட்டியில் இரண்டே பிரிவுகள்: தரையில் ஆடுவது, மேடையில் ஆடுவது. முதற்பிரிவில் இசை ஒலிக்கும் வரை அணைப்பை விடக் கூடாது, தாவக் கூடாது. மேடையில் எல்லாம் செய்யலாம். சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் இரட்டை வழக்கைப் பற்றி எழுதியதைப் படித்த தமிழர் எவருக்கும் இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. மேடைத் தமிழும் வீட்டுத் தமிழும் வைத்திருப்பவர்கள் நாம்.

டாங்கோப் பாடல்களின் மொழியும் இதே கதையைச் சொல்கிறது. அவற்றில் பல 'லுன்ஃபார்தோ' என்ற புவெனஸ் ஐரிஸ் தெருவழக்கில் எழுதப்பட்டவை. வேலைக்கு அதில் 'லாபுரோ'. இத்தாலியக் குடியேறிகள் கொண்டுவந்த சொல். அசைகளை முன்பின்னாகப் புரட்டிப் பேசுவதும் உண்டு: டாங்கோ 'கோதான்' ஆகும், கஃபே 'ஃபேகா' ஆகும். நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் எழுத்தை மாற்றிப் போட்டு இரகசியம் பேசுவது போல. 1943இல் ஆட்சியைப் பிடித்த இராணுவ அரசு, வானொலியில் மொழித் தூய்மையைக் காக்க முனைந்து, லுன்ஃபார்தோ சொற்களை நீக்கச் செய்தது. புகழ்பெற்ற பாடல்களின் வரிகளும் தலைப்புகளும் மாற்றியெழுதப்பட்டன. இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1962இல் அதே நகரில் லுன்ஃபார்தோவை ஆராய ஒரு கழகமே நிறுவப்பட்டது. கலப்பில் பிறந்த ஒரு கலைக்குத் தூய்மை கேட்பதில் உள்ள நகைச்சுவை அங்கே யாருக்கும் விளங்காமல் இருந்திருக்க முடியாது.

இதற்கு அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை என்பதைப் பெங்களூரில் இருப்பவர்கள் அறிவார்கள். இங்கே பரதநாட்டியம் கற்ற என் தோழிகளிடம் பாணியைக் கேட்டால் பந்தநல்லூர் என்பார்கள், வழுவூர் என்பார்கள். காவிரிக்கரை ஊர்ப் பெயர்கள். சிலர் மட்டும் மைசூர் என்பார்கள். தஞ்சை நால்வருள் மூத்தவரான சின்னையா, மும்மடி கிருஷ்ணராஜ உடையாரின் அரசவைக்கு வந்தார். தஞ்சாவூரின் மார்க்கம் மைசூருக்கு வந்தது. வந்தது அப்படியே இருக்கவில்லை. ஜட்டி தாயம்மா (1857–1947) புகழ்பெற்றது அபிநயத்துக்காக. அவரிடம் பயின்ற வெங்கடலட்சம்மா (1906–2002) லம்பாணிக் குடும்பத்தில் பிறந்தவர்; அரசவையில் ஆடியவர்; 1965இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் நடனத் துறைக்கு வந்தவர்; 1992இல் பத்மபூஷண் பெற்றவர். லம்பாணி வீட்டில் பிறந்த பெண், தஞ்சைத் தமிழ் நட்டுவனார் வழிவந்த ஆட்டத்தில், தெலுங்குப் பதத்துக்கும் கன்னட ஜாவளிக்கும் வடமொழிச் சுலோகத்துக்கும் அமர்ந்தபடியே அபிநயம் பிடித்ததைத்தான் இன்று மைசூர்ப் பாணி என்று மரியாதையோடு குறிப்பிடுகிறோம். தனக்குப் பெயர் கிடைத்து, பட்டமும் பாடத்திட்டமும் கிடைத்த பிறகு ஒரு கலப்பு, தூயதாகிவிடுகிறது. அதற்கு அடுத்து வரும் கலப்புத்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டும்.

கடந்த ஆண்டு அந்தக் கூண்டில் நானும் நின்றேன். ஒரு பயிற்சி மாலையில், எங்களைவிட நெடுங்காலம் ஆடிவரும் ஒருவர் என்னோடு ஒரு தாந்தா ஆடி முடித்து, கனிவாகவே சொன்னார்: "உங்கள் நடை சலோன், அணைப்பு மிலோங்கேரோ. இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்." அவர் குரலில் பகை இல்லை. என்றாலும் அந்த வாக்கியத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். சென்னையில் ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில், நான் "வந்துகினு இருக்காங்க" என்று சொன்னதும் பேராசிரியர் ஒருவர் சிரித்து, "மொழியியல் படித்தவர் பேசும் தமிழா இது?" என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெங்களூர்க் கன்டோன்மென்ட் உருவானபோது மதராஸ் மாகாணத்துப் படைகளைத் தொடர்ந்து பெருந்திரளான தமிழர் இங்கே வந்தார்கள். என் ஆயாவின் முன்னோர் வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அந்தக் '-கினு' அவர்களோடு வந்தது. அதன்மேல் கன்னடம் படிந்தது, உருது படிந்தது, ஆங்கிலம் படிந்தது. ஐந்து தலைமுறையாக ஒரு தெருவே பேசும் மொழியைக் கேட்டு, இது எதையோ பேச முயன்று தவறியது என்று ஒருவர் முடிவு கட்டும்போது, அதற்கு விடை சொல்வதா, தேநீரைக் குடிப்பதா என்று தெரிவதில்லை. அன்று தேநீரைக் குடித்தேன்.

பயிற்சி மாலையில் சொல்லப்பட்டது அத்தோடு நிற்கவில்லை என்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். எங்களுக்குள் பிளவு வந்தது. ஒரு கிழமையில் சலோன் மட்டும், இன்னொரு கிழமையில் மிலோங்கேரோ மட்டும் என்று ஆயிற்று. புவெனஸ் ஐரிஸில் இது நடந்தால் யாருக்கும் தெரிந்திராது. அங்கே எந்த இரவிலும் எங்கேனும் மிலோங்கா உண்டு. எங்கள் குழுவில் தவறாமல் வருபவர் இருபது பேர் தேறமாட்டார்கள். இரண்டாகப் பிரிந்ததும் சில மாலைகளில் ஏழு பேர் வந்தோம். நடத்துபவர் இருவர், தொடர்பவர் ஐவர். ஒரு தாந்தா ஆட மூன்று தாந்தா உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்திருந்த நாட்களில்தான் நான் நடத்தவும் கற்றுக்கொண்டேன். ஆனால் புதிதாக வந்த இரு கல்லூரி மாணவிகள் மூன்றாம் வாரத்தோடு நின்றுவிட்டார்கள். எந்தக் கிழமைக்கு வருவது என்று அவர்களில் ஒருத்தி என்னைக் கேட்டாள். இரண்டுக்கும் வா என்றேன். எது சரியானது என்று மறுபடியும் கேட்டாள்.

அவளிடம் அப்போது கூப்வாடைப் பற்றிச் சொல்ல நேரமில்லை, இங்கே சொல்கிறேன். மகாராஷ்டிரத்தின் சாங்கிலி மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கும் ஊர் அது. ஜான் கம்பர்ஸும் ராபர்ட் வில்சனும் அங்கே பேசப்படும் கன்னடம், மராத்தி, உருது ஆகியவற்றைப் பற்றி 1971இல் எழுதிய கட்டுரையை மொழித்தொடர்பு படிப்பவர்கள் யாரும் தாண்டிச் செல்ல முடியாது. நூற்றாண்டுகளாக ஒருவரோடு ஒருவர் அன்றாடம் பேசி வாழ்ந்ததில் மூன்று மொழிகளின் தொடரமைப்பும் நெருங்கி நெருங்கி, ஒன்றின் வாக்கியத்தை உருபுக்கு உருபு மாற்றினால் மற்றதன் வாக்கியம் வந்துவிடும் அளவுக்கு ஒன்றுபட்டுவிட்டது. ஆனால் சொற்கள் ஒன்றாகவில்லை. வீட்டுக்குள் அவரவர் மொழி, அவரவர் சொல். சந்தையில் ஒத்துப்போக எது வேண்டுமோ அது ஒன்றாயிற்று. யார் வீட்டுப் பிள்ளை என்று காட்ட எது வேண்டுமோ அது தனியாக நின்றது. இரண்டும் ஒரே வாயில்.

பெங்களூரின் டாங்கோவும் அப்படித்தான் ஆகிவருகிறது என்பது என் கணிப்பு. இருபது பேர் ஒருவரோடு ஒருவர் மாறி மாறி ஆடும்போது, ஒவ்வொருவரும் எதிரில் இருப்பவருக்காகச் சிறிது விட்டுக்கொடுக்கிறார்கள். நீண்ட அடி வைப்பவர் குறுகிய அடிக்காரரோடு ஆடும்போது நடுவில் எங்கோ நிற்கிறார். சாய்பவர், சாயாதவரைக் கண்டு நிமிர்கிறார். பீட்டர் டிரட்கில் 1986இல் வழக்குத் தொடர்பு பற்றி எழுதியதில் இவ்வாறு நேருக்கு நேர் இணங்கிப்போவதையே பெரும் மாற்றங்களின் தொடக்கமாகக் காட்டினார். வழக்குகள் கலந்து பொது வழக்கு ஒன்று பிறப்பது இத்தகைய இடங்களில்தான்: குடியேற்றங்களில், புது நகரங்களில், ஆட்கள் குறைவாக இருக்கும் இடங்களில். அந்தப் பொது வழக்கை நான் கொண்டாடச் சொல்லவில்லை. அதில் இழப்பும் உண்டு. முழுமையான அப்பிலாதோவை ஒருமுறை உணர்ந்தவர், பாதிச் சாய்வில் மனநிறைவு அடைவதில்லை. புக்லியேசேயின் இசைக்குழு இழுத்து நிறுத்தும் அந்த நீண்ட இடைவெளிகளில் இருவர் ஒரே எடையாக நிற்பதற்கும், இருவர் அருகருகே நிற்பதற்கும் உள்ள வேறுபாடு பெரியது. ஆகவேதான் இரண்டையும் இரண்டாகவே கற்க வேண்டும் என்கிறேன். கலக்கத் தெரிந்தவருக்குப் பிரிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். கன்னடர் முன் கன்னடமும், ஆயாவிடம் '-கினு'வும், வாய்மொழித் தேர்வில் எழுத்துத் தமிழும் பேசும் பெங்களூர்த் தமிழர் எவருக்கும் இது பெரிய வித்தையன்று. காலையிலிருந்து இரவுவரை அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

இப்போது அந்த அறிவிப்பு. 'பாணி' என்ற இடத்தில் எதையும் எழுதப்போவதில்லை என்று குழுவிடம் சொல்லிவிட்டேன். இருவர் முகம் சுளித்தார்கள், ஒருவர் பிறகு பேசுவோம் என்றார். முதல் நான்கு வாரம் நடை மட்டும். ஒவ்வொரு வகுப்பிலும் பாதி நேரம் ஒரு சாண் இடைவெளியோடு, பாதி நேரம் இடைவெளியின்றி. நெருங்க விரும்பாதவர் எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் சாண் தூரத்திலேயே நிற்கலாம். எல்லோரும் நடத்துவார்கள், எல்லோரும் தொடர்வார்கள். ஒரு வாரம் டி சார்லி, ஒரு வாரம் டாரியென்சோ. சலோன், மிலோங்கேரோ என்ற சொற்களை ஐந்தாம் வாரத்தில், உடலுக்கு வேறுபாடு தெரிந்த பிறகு சொல்வேன். அவை யார் எப்போது வைத்த பெயர்கள் என்பதையும் சேர்த்தே சொல்வேன். நின்றுபோன அந்த இரு மாணவிகளுக்கும் செய்தி அனுப்பியிருக்கிறேன். ஒருத்தி வருவதாகச் சொல்லியிருக்கிறாள். இன்னொருத்திக்குத் தேர்வாம்.

வர எண்ணுபவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். இணையோடு வர வேண்டியதில்லை. ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணி தரையைப் பிடித்துக்கொள்ளும், முழங்காலுக்கு நல்லதன்று. தோல் அடிப்பாகம் இருந்தால் நலம், இல்லையென்றால் தடித்த காலுறை போதும்.

ஆயாவும் ஒரு நாள் வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார். காசு கேட்கக் கூடாதாம்.